கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு பட்டியல்

கேள்வி:

எனக்கு 29 வயது. சொந்த ஊர் திருச்சி. அமெரிக்காவில் டாலஸ் பக்கம் ஐ.டி. வேலை. மாப்பிள்ளையும் இங்கேதான் வேலை பார்க்கிறார், மதுரைக்காரர். தை மாதம் திருச்சியில் கல்யாணம், மார்ச்சில் டாலஸில் ரிசப்ஷன். ஆபீஸில் சொன்னதிலிருந்து, “கிஃப்ட் ரெஜிஸ்ட்ரி எந்தக் கடையில் வைத்திருக்கிறாய்?” என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒரு தளத்தைத் திறந்தால் நூறு பொருளோடு தயாராக ஒரு பட்டியல் காட்டுகிறது. அதில் பாதி எதற்கென்றே எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். “இன்னது வாங்கிக் கொடு என்று எழுதி வைப்பதா? கையேந்துகிற மாதிரி இருக்கிறதே” என்று வருத்தப்பட்டார். இதற்கிடையில் மாப்பிள்ளையின் அத்தை, “பட்டியல்தான் போடுகிறீர்களே, மதுரை வீட்டுக்கு ஏ.சி., ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து எழுதிப் பெண் வீட்டுக்கும் ஒரு காப்பி அனுப்பு” என்று சொல்லியிருக்கிறார். பட்டியல் போடலாமா? போட்டால் எதை எழுதுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கல்யாண வாழ்த்துகள். நியூஜெர்சியில் பல வருடங்களாகக் கல்யாண ஏற்பாட்டு வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது இங்கே வந்து குடியேறிய நம் பிள்ளைகளில் பலரும் என்னிடம் கேட்பதுதான். ஆனால் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் அத்தை விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் பொருள் சம்பந்தப்பட்டது, மெதுவாகப் பேசலாம். இதை இந்த வாரமே முடிக்க வேண்டும்.

ரெஜிஸ்ட்ரி என்பது, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று தானாகக் கேட்கும் விருந்தாளிக்குக் காட்டுகிற பட்டியல். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகிற பட்டியலுக்குப் பெயர் வேறு. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தில் கேட்பதே குற்றம். அதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாங்கினாலும் கொடுத்தாலும் குறைந்தது ஐந்து ஆண்டு சிறை என்கிறது அதே சட்டம். அத்தை கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் ‘செய்முறை’ என்ற பேச்சுக்குள்ளேயே இதெல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் எழுதிய காப்பி உங்கள் அப்பாவின் வாட்ஸ்அப்பில் போய் இறங்கினால், அதற்கு அமெரிக்க வழக்கம் என்று பெயர் சூட்டி யாரும் தப்ப முடியாது.

இதை நீங்கள் பேசாதீர்கள், உங்கள் அம்மாவும் பேச வேண்டாம். மாப்பிள்ளைதான் பேச வேண்டும். “அத்தை, அது இங்கே ஆபீஸ்காரர்களுக்காகப் போடுகிற பட்டியல். பெண் வீட்டுக்கு நாங்கள் எதுவும் எழுதி அனுப்பப்போவதில்லை.” இவ்வளவு போதும், விளக்கம் வேண்டாம். இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அதே சட்டத்தை ஒட்டி 1985இல் வந்த விதிகளைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. கல்யாணத்தில் யாரும் கேட்காமல் தானாகக் கொடுக்கும் பரிசுகளை எழுதி வைக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். பெண்ணுக்கு வந்ததைப் பெண் ஒரு பட்டியலாக வைத்திருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளை. என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, கொடுத்தவர் பெயர், சொந்தமென்றால் என்ன உறவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். கீழே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் பார்த்த கல்யாணங்களில் இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. நீங்கள் செய்யுங்கள். திருச்சி மண்டபத்தில் இரண்டு நோட்டு, ஒரு பேனா, பொறுப்பான ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் முடிகிற வேலை. கல்யாணத்தையொட்டி மணமக்களுக்கு வரும் பரிசுக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. பெற்றோர் கைக்கு வெளியாட்கள் கொடுப்பதற்கு அந்த விலக்குப் பொருந்தாது. யார் கொடுத்தாலும் ஒருவரிடமிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பெரிய தொகை என்றால் வங்கி வழியாக வரட்டும்.

சரி, இப்போது அம்மா.

அம்மாவின் சங்கடத்தை, ‘அவருக்கு இந்த ஊர் வழக்கம் புரியவில்லை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் பக்கம் பட்டியல் என்றால் கொடுத்த பிறகு எழுதுவது. மொய் நோட்டு அப்படித்தான். யார் நூற்றியொன்று வைத்தார்கள், யார் ஆயிரத்தொன்று வைத்தார்கள் என்று எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் குறையாமல் திருப்பிச் செய்வோம். காரைக்குடிப் பக்கம் பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களைப் பரப்பி வைக்கும் வழக்கத்திலும் எல்லாம் கொடுத்த பிறகுதான் ஊர் பார்க்கிறது. கொடுப்பதற்கு முன்பே எழுதுவது என்பது அம்மாவுக்குப் புதிது. கேட்டுப் பெறுவது கௌரவக் குறைச்சல் என்று வளர்ந்த தலைமுறை. அந்த உணர்வில் தவறே கிடையாது.

ஆனால் அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவருடைய கல்யாணத்துக்கு முன்னால், “கிரைண்டர் நான் வாங்கிவிடுகிறேன், நீ பீரோவைப் பார்த்துக்கொள்” என்று பெரியப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளவில்லையா? தாய்மாமன், “என்ன கலர் புடவை வேண்டும்?” என்று கேட்டுவிட்டுத்தானே கடைக்குப் போயிருப்பார்? நெருங்கிய சொந்தத்துக்குள் வாயால் நடக்கிற அந்தப் பேச்சுதான் இங்கே எழுத்தில் நடக்கிறது. உங்கள் ஆபீஸ் தோழிக்கு உங்கள் பெரியப்பாவைத் தெரியாது. உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரிக்க ஆளில்லை. கவரில் பணம் வைப்பது அவர்களில் பலருக்குக் கூச்சமாக இருக்கும். அதனால்தான் உங்களையே கேட்கிறார்கள். அவர்கள் அதை மரியாதையாக நினைத்துக் கேட்கிறார்கள், நீங்களும் பதிலை அப்படியே சொல்லலாம்.

பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டுப் பரண்களே சொல்லும். என் கல்யாணத்துக்கு ஒன்பது சுவர்க் கடிகாரம் வந்தது. பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம் நான்கு. பெயர் வெட்டிவிட்டதால் கடையில் மாற்றவும் முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் மனசு வராது. கொடுத்த ஒவ்வொருவரும் ஆசையாகத்தான் கொடுத்தார்கள், நான்கு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, அவ்வளவுதான்.

அம்மாவுக்காக நீங்கள் காக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. அழைப்பிதழில் ரெஜிஸ்ட்ரி பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது. அமெரிக்க மரபிலும் அது நாகரிகக் குறைவுதான். ரிசப்ஷனுக்கென்று ஒரு இணையப் பக்கம் வைத்து, அதில் ஒரு மூலையில் இணைப்பைப் போடுங்கள். யாராவது கேட்டால், “அந்தப் பக்கத்தில் இருக்கிறது” என்று சொன்னால் போதும். திருச்சி, மதுரைச் சொந்தங்களுக்கு அதை அனுப்பவே வேண்டாம். டாலஸில் உள்ள நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் எப்படியும் கவரோடுதான் வருவார்கள். ஆகப் பட்டியல் உண்மையில் ஒரு நாற்பது ஐம்பது பேருக்கானது. அந்த அளவிலேயே யோசியுங்கள்.

இனி, எதை எழுதுவது.

அந்தத் தளத்தின் தயார் பட்டியலை மூடிவிடுங்கள். அது ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பழைய காரணம் உண்டு. ரெஜிஸ்ட்ரி என்ற ஏற்பாட்டை 1924இல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்ற பெரிய கடை தொடங்கியது. பெண் தனக்குப் பிடித்த பீங்கான் தட்டு, வெள்ளிக் கரண்டி, கண்ணாடிக் கோப்பை ஆகியவற்றின் டிசைனைத் தேர்ந்து சொல்வாள். விருந்தாளிகள் அதே டிசைனில் ஆளுக்கு ஒன்றிரண்டு வாங்கினால் முழு செட் சேர்ந்துவிடும். இன்றைக்கும் தயார் பட்டியல்களில் பன்னிரண்டு பேருக்கு வேண்டிய பீங்கான் செட்டும் ஆறு வகைக் கண்ணாடிக் கோப்பையும் வருவது அந்த நாள் மிச்சம். கூடவே, கடைக்கு விற்க வேண்டியதும் அதில் ஏறியிருக்கும். உங்கள் வீட்டில் இட்லி வேகப்போகிறதா என்பது அந்தப் பட்டியலைப் போட்டவருக்குத் தெரியாது.

நான் எல்லோருக்கும் சொல்கிற வழி இது. ஒரு வாரம், நீங்கள் ஒரு தாளிலும் அவர் ஒரு தாளிலும், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை கையால் தொட்ட வீட்டுச் சாமானையெல்லாம் எழுதுங்கள். காபி ஃபில்டர், தோசைத் திருப்பி, துண்டு, இஸ்திரிப் பெட்டி, எல்லாம். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள்: நன்றாக இருக்கிறது, தேய்ந்துவிட்டது, இருவரிடமும் இருக்கிறது, இல்லாமல் சிரமப்படுகிறோம். ‘தேய்ந்துவிட்டது’, ‘இல்லாமல் சிரமப்படுகிறோம்’ என்ற இரண்டிலிருந்தே பாதிப் பட்டியல் வந்துவிடும். அவரும் எழுத வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். மாப்பிள்ளை தொடாமல் பெண் மட்டும் போட்ட பட்டியல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் சமையலறையும் அப்படியே ஒருவர் தலையில் விழுந்துவிடுகிறது.

சமையலறையில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான்.

முதலில் மின்சாரம். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அம்மா பாசத்தோடு பெட்டியில் வைத்து அனுப்பும் மிக்ஸி இங்கே இழுக்காது. அதற்குக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிச் சமையல் மேடையில் பாதி இடத்தைக் கொடுத்துவிட்டு அவதிப்படுகிற வீடுகள் உண்டு. ப்ரீத்தி மிக்ஸியும் அல்ட்ரா டேபிள் டாப் கிரைண்டரும் இந்த ஊர் மின்சாரத்துக்கேற்ற 110 வோல்ட் மாடலாகவே இங்கே விற்கின்றன. இரண்டையும் பட்டியலில் எழுதுங்கள், தயங்க வேண்டாம். ‘அமெரிக்கர்களுக்கு இது என்னவென்று புரியுமா’ என்று யோசிப்பீர்கள். பெரும்பாலான தளங்களில் பொருளுக்குக் கீழே ஒரு குறிப்பு எழுத இடம் இருக்கும். “அரிசியும் உளுந்தும் அரைக்கிற கல். ஞாயிற்றுக்கிழமை இதில் அரைத்தால் வாரம் முழுக்க எங்களுக்குக் காலைச் சாப்பாடு” என்று இரண்டு வரி எழுதுங்கள். இப்படிக் குறிப்பு எழுதிய கிரைண்டரை ஓர் ஆபீஸ் குழுவே சேர்ந்து வாங்கிக் கொடுத்ததையும், பின்னால் தோசை சாப்பிட வந்து அந்தக் கிரைண்டரைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொடுப்பவருக்கு அந்தப் பொருள் உங்கள் வீட்டில் என்ன செய்யும் என்று தெரிய வேண்டும். தெரிந்தால் எதையும் மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள்.

தோசைக்கல்லை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். இங்கே டென்னஸியில் லாட்ஜ் என்ற நிறுவனம் 1896 முதல் வார்ப்பிரும்புச் சட்டிகள் செய்கிறது. அவர்களுடைய பத்தரை அங்குல வட்டக் கல் நம் தோசைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும், விலையும் குறைவு. உங்கள் ஆபீஸ்காரர்களில் சிலருடைய பாட்டி வீட்டிலும் அதே கம்பெனி இரும்புச் சட்டி இருந்திருக்கும். கண்ணாடி மேடை போட்ட மின்அடுப்பாக இருந்தால் கல்லை இழுக்காமல் தூக்கி வைக்கப் பழகுங்கள், கீறல் விழும். அந்த அடுப்புக்கு அடிப்பாகம் சமமாக இருந்தால்தான் சூடு ஏறும். ஊரிலிருந்து வரும் குழிந்த இரும்பு வாணலி அதில் ஆடிக்கொண்டே இருக்கும். இண்டக்ஷன் என்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

குக்கரை ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். மூன்று லிட்டரில் ஒன்று, ஐந்து லிட்டரில் ஒன்று. கூடவே கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் இரண்டிரண்டு உபரி. இன்ஸ்டன்ட் பாட் எனப்படும் மின்குக்கர் இங்கே எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, சாம்பாருக்கும் சாதத்துக்கும் நல்லதுதான். உங்கள் இருவரில் ஒருவரிடம் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். டபரா டம்ளரும் பித்தளை காபி ஃபில்டரும் கும்பகோணத்தில் வாங்குங்கள், இங்கே தேடி அலைய வேண்டாம்.

தட்டு விஷயத்தில் ஒரு சின்னத் தகவல். இங்கே விற்கும் டின்னர் தட்டுகள் தட்டையானவை. ரசம் சாதம் போட்டால் ஓரம் வழியாக மேஜைக்கு வந்துவிடும். பாஸ்தாவுக்கென்று விற்கும் அகலமான, ஓரம் தூக்கிய கிண்ணத்தட்டு நமக்குச் சரியாக இருக்கும். அதில் எட்டு எழுதுங்கள். பன்னிரண்டு பேர் பீங்கான் செட் வேண்டவே வேண்டாம். விருந்து என்றால் நம் வீட்டில் முப்பது பேர் வருவார்கள், அப்போது காகிதத் தட்டுதான்.

கிச்சன்எய்ட் ஸ்டாண்ட் மிக்சர் அழகான பொருள். கல்யாணப் பட்டியல் என்றாலே அது இருக்க வேண்டும் என்று இங்கே ஓர் எண்ணம் உண்டு. நீங்கள் கேக், ரொட்டி செய்கிறவர் என்றால் தாராளமாக எழுதுங்கள். இல்லையென்றால் பத்துக் கிலோவுக்கு மேல் கனமுள்ள அந்த இயந்திரம் உங்கள் மேடையில் கிரைண்டர் வைக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பணத்துக்கு மூன்று உலோகத் தகடு ஒட்டிச் செய்த (ட்ரை-ப்ளை) எவர்சில்வர் பாத்திரங்கள் இரண்டு மூன்றும் ஒரு நல்ல கத்தியும் வந்துவிடும். முப்பது வருடம் உழைக்கும். எவர்சில்வரும் வார்ப்பிரும்பும் எந்த ஊர் அடுப்பிலும் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். விசா நிலவரத்தில் நாளைக்கு ஊர் திரும்ப வேண்டி வந்தால் 120 வோல்ட் சாமான்களை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விலை உயர்ந்த பொருளாக எழுதுவதெல்லாம் கூடியவரை மின்சாரம் இல்லாததாக இருக்கட்டும். விதிவிலக்கு கிரைண்டர்.

படுக்கையறைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குயீன் மெத்தை இங்கே 60க்கு 80 அங்குலம், உயரமும் அதிகம். ஊரிலிருந்து வரும் விரிப்பு நான்கு மூலையிலும் கழன்றுவிடும். ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த பருத்தி விரிப்பு இரண்டு செட், உறை போடக்கூடிய ஒரு கம்ஃபர்ட்டர் (பஞ்சு வைத்த கனமான போர்வை), ஆளுக்கு இரண்டு குளியல் துண்டு. தடித்த துண்டு பிடிக்காதவர்கள் ஊரிலிருந்து ஈரிழைத் துண்டு கொண்டு வரலாம். நான் இன்றும் அதைத்தான் உபயோகிக்கிறேன்.

யாரும் எழுத நினைக்காத, ஆனால் நான் கட்டாயம் எழுதச் சொல்கிற சில சாமான்கள் உண்டு. கார்ப்பெட் போட்ட அபார்ட்மெண்டில் இருந்தால் நல்ல வாக்யூம் கிளீனர். இரண்டு படி வைத்த மடக்கு ஸ்டூல், இங்கே சமையல் அலமாரியின் மேல்தட்டு நம் உயரத்துக்கு எட்டாது. ஸ்குரூ டிரைவர், சுத்தியல் கொண்ட ஒரு டூல் செட். கடுகு தாளித்தாலே புகை அலாரம் அலறும் வீடு என்றால் ஒரு மேஜை மின்விசிறி. ஊருக்குப் போகவர இரண்டு பெரிய சூட்கேஸ். ஆபீஸில் மூன்று நான்கு பேர் சேர்ந்து கொடுக்க இவையெல்லாம் தோதானவை, வருடக்கணக்கில் பயன்படும்.

விலையைப் பரவலாக வையுங்கள். ஐம்பது பேர் என்றால் அறுபது எழுபது பொருள் இருக்கலாம். பாதிக்கு மேல் ஐம்பது டாலருக்குள் இருக்கட்டும், அதிலும் பத்துப் பதினைந்து இருபத்தைந்து டாலருக்குள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனும் கூச்சமில்லாமல் ஒன்று எடுக்க வேண்டும். கரண்டி செட், அளவுக் கோப்பை, மளிகைச் சாமான் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடிகள் எல்லாம் அந்த விலையில் வரும். இருநூறு டாலரைத் தாண்டுவது நான்கைந்து போதும். அவற்றைப் பலர் சேர்ந்து கொடுக்கும்படி அமைக்கிற வசதி தளங்களில் இருக்கிறது. விலை குறைந்ததை முதலில் எழுதினால் பெரியதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற பயம் வேண்டாம். குழுவாகச் சேர்கிறவர்கள் பெரியதைத் தேடித்தான் வருவார்கள்.

கடை ஒன்றோ இரண்டோ போதும். டார்கெட் போல ஊருக்கு ஊர் கிளை உள்ள கடை ஒன்று இருந்தால் இணையத்தில் வாங்கிப் பழக்கமில்லாத பெரியவர்கள் நேரில் போய் வாங்குவார்கள். மற்றொன்று, எந்தக் கடைப் பொருளையும் சேர்க்க விடுகிற தளமாக இருக்கட்டும். கிரைண்டரை அதில்தான் சேர்க்க முடியும். கல்யாணத்துக்குப் பிறகு பட்டியலில் மிஞ்சியதை நீங்களே வாங்கினால் தள்ளுபடி தருகிற கடைகள் பல. அது எத்தனை சதவீதம், பொருளைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்ற இரண்டையும் தொடங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். ஒரு காலத்தில் கல்யாணப் பட்டியலுக்கென்றே எல்லோரும் போன பெட் பாத் அண்ட் பியாண்ட் 2023இல் திவாலாகிக் கடைகளை மூடியது. அதனால் கிஃப்ட் கார்டை வாங்கிப் பல மாதம் பூட்டி வைக்காதீர்கள், வந்தவுடன் செலவழியுங்கள்.

தைக் கல்யாணத்துக்காக நீங்கள் ஊரில் இருக்கும் வாரங்களில் இங்கே பார்சல்கள் வாசலில் வந்து விழும். வாசலில் கிடக்கும் பெட்டி காணாமல் போவது இந்த ஊரில் சகஜம். அனுப்புவதை நிறுத்தி வைத்து, நீங்கள் சொல்லும்போது மொத்தமாக அனுப்புகிற வசதி சில தளங்களில் இருக்கிறது. இல்லாவிட்டால் நம்பகமான தோழி ஒருத்தியின் முகவரியைக் கொடுங்கள். பட்டியலை ஜனவரியிலேயே திறந்து வைக்கலாம், மார்ச் வரை கூட்டிக் குறைக்கவும் செய்யலாம்.

பணமாகக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் மனதில் வரும். தளங்களில் பண நிதி என்று ஒன்று வைக்கலாம். சில தளங்கள் அதில் ஒரு சதவீதத்தைக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும், பார்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே ‘பணம்’ என்று போடாமல், எதற்கு என்று எழுதினால் கொடுப்பவர்களுக்குத் திருப்தி. “அம்மா அப்பாவை முதல்முறை அமெரிக்கா அழைத்து வரும் விமான டிக்கெட்டுக்கு” என்று எழுதிய ஒரு ஜோடிக்குப் பொருளைவிட அதிலேதான் அதிகம் சேர்ந்தது. ஒரே ஒரு நிதி போதும். மூன்று நான்கு வைத்தால் அம்மா சொன்ன அந்தக் கையேந்தல் வாசனை வந்துவிடும். எனக்கே வரும்.

கடைசியாக நன்றிக் கடிதம். இங்கே பரிசு கொடுத்த ஒவ்வொருவருக்கும் கையால் எழுதிய அட்டை போக வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்குள். எல்லோருக்கும் ஒரே வாசகத்தை எழுதாதீர்கள். “நீங்கள் கொடுத்த கல்லில் முதல் இரண்டு தோசை ஒட்டிக்கொண்டது, மூன்றாவது முறுகலாக வந்தது” என்று எழுதினால் அந்த அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். இதற்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்ற கணக்கு வேண்டும். தளம் பாதிக் கணக்கை வைத்திருக்கும். நேரில் வருவதையும் கவரில் வருவதையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

அந்த வேலையில் அம்மாவைவிடத் தேர்ந்தவர் யார் இருக்கிறார்கள்? மார்ச்சில் ரிசப்ஷனுக்கு அவரும் வருவார் என்றால், திருச்சியிலிருந்தே ஒரு நீள நோட்டு வாங்கி, மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் தையிலேயே அவர் கையால் தொடங்கி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர், பொருள், அட்டை அனுப்பிய தேதி என்று மூன்று பத்தி போதும்.